திண்ணைக்கு வாடகை

தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தூங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். ஆங்கிலம் படித்தவர்கள் இதைப் பிழை என்பார்கள். பிழை அல்ல. நம் அனுபவம் அந்த இரண்டு சொற்களையும் தன் வசதிக்குப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது பாண்டிச்சேரியில் மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டது. பூட்டிக் ஹோட்டல். பத்துப் பன்னிரண்டு அறைகள், பெரும்பாலும் பழைய வீடு, ஓர் அறை போல இன்னொன்று இராது, ஒவ்வொரு பொருளும் யாரோ யோசித்து வைத்த இடத்தில் இருக்கும். இதற்குத் தமிழில் சொல் இல்லை. இவற்றின் அழகைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத முடியாமல் போனதற்குக் காரணம் அந்த அழகு உண்மையானது என்பதுதான். போலி என்றால் ஒரே மாலையில் எழுதி முடித்திருக்கலாம்.

நான் விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்தில் வேலை பார்க்கிறவன். வங்கியில் க்ளார்க். இந்த இரண்டு ஊர்களையும் பாண்டிச்சேரியையும் கோடு போட்டு இணைத்தால் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். இந்த முக்கோணத்தின் இரண்டு முனைகளுக்கு யாரும் தங்குவதற்கென்று வருவதில்லை. விழுப்புரத்தில் ரயில் மாறுவார்கள். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, பாண்டிச்சேரி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. திண்டிவனத்தில் பஸ் மாறுவார்கள். ரயிலைத் தவறவிட்டவன், வாய்தாவுக்கு வந்தவன், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி இவர்கள்தான் லாட்ஜில் ஓர் இரவு படுப்பவர்கள். கல்யாணத்துக்கு முன் எட்டு மாதம் நானும் அப்படியோர் அறையில் மாத வாடகைக்கு இருந்தேன். இரும்புக் கட்டில், ரெக்ஸின் உறை போட்ட மெத்தை, சுவரில் பதித்த கண்ணாடி, கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு, பிளாஸ்டிக் வாளி, மக். அந்த அறையை நான் புகழப்போவதில்லை. வறுமையை அழகியலாக்குவது நம் புதுக்கவிதையின் பழைய வியாதி. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த அறை யாரையும் தன்னைப் பார்க்கச் சொல்லவில்லை.

பூட்டிக் ஹோட்டல் பார்க்கச் சொல்கிறது. கல்லூரியில் என்னோடு படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் நண்பன் சென்ற வருஷம் வந்தபோது, பாண்டிச்சேரித் தமிழர் பகுதியில் ஒன்றில் அறை எடுத்திருந்தான். பெயர் தேவையில்லை. அறையில் இரண்டு கட்டில். ஒரு சனிக்கிழமை இரவு என்னையும் தங்கச் சொன்னான். தெருவிலிருந்து மரக்கால்கள் தாங்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, திண்ணை தாண்டிக் கதவு, கதவுக்கு நேரே முற்றம். பாண்டிச்சேரித் தமிழ் வீட்டின் இலக்கணம் இது. மாடியில் மட்டும் பிரெஞ்சுக்காரரின் வளைவு ஜன்னலும் அரைத்தூணும் ஏறி உட்கார்ந்திருக்கும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. அந்தக் கலப்பைச் செய்தவர்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஹோட்டல்காரர்கள் இதில் எதையும் கெடுக்கவில்லை. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாகவே விட்டிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய நீலம் உதிர்ந்து அதன் கீழே இன்னும் பழைய மஞ்சள் தெரிந்தது. அதை மூடாமல் விட்டது யாரோ ஒருவருடைய தீர்மானம், நல்ல தீர்மானம். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்கிற கல் அது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் ஏறுகிறது. வெறுங்காலோடு நடந்தால் தெரியும். இரவு எட்டு மணிக்கு மழை வந்தது. முற்றத்தின் நான்கு பக்கமும் தண்ணீர் இறங்கிற்று. மேலேயிருந்து விளக்கு எதுவும் இல்லை. தூணடியில் வைத்த விளக்கின் வெளிச்சம் மழையை அடியிலிருந்து மட்டும் காட்டியது. நானும் நண்பனும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சாப்பாட்டு மேஜைக்குப் போனபோதுதான் எனக்குச் சங்கடம் வந்தது. மேஜை என்பது ஒரு கதவு. படுக்க வைத்து, கால் கொடுத்து, மேலே தடித்த கண்ணாடி போட்டிருந்தார்கள். குமிழ்களும் தாமரைச் சதுரங்களும் கண்ணாடிக்குக் கீழே. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் தேய்ந்த பள்ளம். அதன்மேல் என் தட்டு.

திண்டிவனத்தில் எங்கள் தாத்தா வீட்டில் இப்படி ஒரு கதவு இருந்தது. தாத்தா மணிலாக்கொட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை. ஓட்டு வீடு, சின்ன முற்றம், இரண்டு ஆள் படுக்கும் திண்ணை. வீட்டை இடித்துக் கட்டியபோது கதவை வாங்க ஒருவர் வந்தார். வந்தவர் டேப்பை எடுத்து நீளம், அகலம், கனம் அளந்தார். கன அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். செதுக்கியிருந்த இடங்களில் மரம் குறைகிறது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தது நான்தான். கணக்கு சரியாகவே இருந்தது.

ஹோட்டல் மேஜையாக இருந்தது எங்கள் கதவு என்று சொல்ல வரவில்லை. அப்படி இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். அது அல்ல, எங்கள் கதவில் தாமரை கிடையாது. நான் யோசித்தது விலையைப் பற்றி. எங்கள் கிளையில் நாள் முழுவதும் நகைக் கடன். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்க்கிறார், கல்லையும் அரக்கையும் கழிக்கிறார், தங்கத்தின் எடைக்குத்தான் கடன். செய்கூலிக்கு மதிப்பே இல்லை. ஆசாரி ஒரு மாதம் உட்கார்ந்து இழைத்த அட்டிகையும் தட்டையான காப்பும் எடை ஒன்றானால் எங்களுக்கு ஒன்றுதான். கதவு எங்கள் வாசலைவிட்டு இறங்கியபோது செய்கூலி பூஜ்யம். உண்மையில் பூஜ்யத்துக்கும் கீழே, கழித்துக்கொண்டார்களே. அதே மாதிரிக் கதவு முக்கோணத்தின் மூன்றாவது முனைக்குப் போய்ச் சேரும்போது மரத்துக்கு மதிப்பில்லை, செய்கூலிதான் எல்லாம். நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு பொருளின் அழகு இல்லாததிலிருந்து இருப்பதாக மாறுகிறது. இடையில் மாறியது என்ன? கதவு மாறவில்லை. பார்க்கிறவன் மாறினான்.

இந்த இடத்தில் வழக்கமான கட்டுரை ஒன்று தானாகவே எழுந்து வரும். நம் பாரம்பரியத்தை வணிகம் விழுங்குகிறது, திண்ணை விற்பனைக்கு, வழிப்போக்கனுக்கு இலவசமாகக் கிடைத்த இடம் பணக்காரப் பயணிக்கு வாடகை என்றெல்லாம். அந்தக் கட்டுரையை நான் எழுதத் தயாரில்லை. அதில் பாதிப் பொய் இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே தெருவோரம் நின்றே பேசவேண்டும் என்பது திண்டிவனத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பலகை எழுதி மாட்ட வேண்டியிருக்கவில்லை. மூட்டை இறக்க வந்தவர் நின்றுகொண்டே தண்ணீர் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் செம்பிலிருந்து அவர் கைக்குள் ஊற்றப்பட்டது. சத்திரங்களில் தங்க இடம் உண்டு, பந்தி ஒன்றல்ல. வழிப்போக்கன் என்று நாம் உருகிச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் எல்லா வழிப்போக்கனும் இல்லை. ஹோட்டலில் ஆதார் அட்டையும் பணமும் போதும். பணம் பெரிய வாசல் அல்ல, குரூரமான வாசல்தான், ஆனாலும் வேறொரு வாசல்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹோட்டலாக மாறாத கட்டடங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவேண்டும். பாண்டிச்சேரிக் கடற்கரையில் மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரசபை மாளிகை, பராமரிப்பு இல்லாமல் நின்று 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். மாறாக, ரோமன் ரோலான் வீதியில் நீம்ரானாக் குழுவினர் ஹோட்டலாகப் புதுப்பித்த பழைய கல்வித்துறை அலுவலகம் விழாமல் நின்றது. பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள் என்று பெயர் வைத்து ஹோட்டலாக்கிய செட்டியார் வீடும் அப்படித்தான். வைசியாள் வீதியில் 1984 முதல் அங்கே வேலைசெய்யும் இன்டாக் அமைப்பினர் தெரு முகப்பு முழுவதையும், தாழ்வாரம் திண்ணையோடு, குடியிருப்பவர்களைக் கிளப்பாமலே சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பரிசு தந்தது. இது எல்லாவற்றிலும் நல்ல வழி. ஆனால் எத்தனை தெருவுக்கு இது நடந்திருக்கிறது? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்டாக்கும் இல்லை, ஹோட்டலும் இல்லை. டேப் மட்டும் இருந்தது.

ஆகவே வணிகம் என்று பழி சொல்லித் தப்பிக்க வழியில்லை. என் சங்கடம் வேறு. அந்த இரவு அறைக்குள் போனபின் அதைப் புரிந்துகொள்ள முயன்றேன். அறையில் ஒரு மூலையில் சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் படிக்க வெளிச்சம் இல்லை. ஆனால் கதவருகே நின்று பார்த்தால் நாற்காலியின் கைப்பிடியில் சாய்வாக ஒரு வெளிச்சம் விழுந்து மிக அழகாக இருந்தது. கூடத்தில் ஆட்டுக்கல், குழியில் தண்ணீர், தண்ணீரில் அரளிப்பூ. உருளியிலும் பூ. எழுதுமேஜை மேல் மைக்கூடு, மை இல்லை. இவை ஒவ்வொன்றும் வாசலில் வந்து நிற்கிறவனின் கண்ணுக்காக வைக்கப்பட்டவை. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவனுக்கு அவை முதுகைக் காட்டுகின்றன. உள் அலங்காரம் என்று சொல்கிறோம். ஆனால் அது வெளியிலிருந்து பார்க்கப்படும் உள். அந்த அறைக்கு நிரந்தரமான நிலை ஒன்று உண்டு. அது எப்போதும் முதல் கணத்தில் இருக்கிறது, இப்போதுதான் கதவு திறந்தது போல. இரண்டாவது நாள் என்பது அதற்குக் கிடையாது. வீட்டின் அழகு இரண்டாவது நாளிலிருந்து தொடங்குவது. தாத்தா வீட்டில் தூணில் எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு ஓர் உயரத்தில் மட்டும் கறுத்திருக்கும். அது யாருக்கும் காட்டுவதற்காக ஆனதல்ல.

இந்த வகை ஹோட்டலின் பிறப்பே கண்ணில்தான் என்று சொல்லவும் முடியாது என்பது வேடிக்கை. 1984இல் நியூயார்க்கில் மோர்கன்ஸ் என்ற ஹோட்டல் திறந்தது. ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் என்ற இருவருடையது. மற்ற ஹோட்டல்கள் பல்பொருள் அங்காடி என்றால் இது சின்னத் துணிக்கடை, பூட்டிக், என்று சொன்னதிலிருந்துதான் பெயர் பரவியது. உள்ளே வடிவமைத்தவர் ஆந்த்ரே புட்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. குளியலறைக்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டம் போட்டார். காரணம், பணம் போதவில்லை. கிடைத்ததில் மலிவான ஓடு அது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பிறகு உலகம் முழுவதும் உயர்ந்த ரசனையின் அடையாளமாகிவிட்டது. நான் இருந்த லாட்ஜ் குளியலறையிலும் மலிவான ஓடுதான். இரண்டுக்கும் விலையில் வித்தியாசமில்லை, யோசனையில் வித்தியாசம். புட்மான் குறைந்ததை வைத்து யோசித்தார். நம் லாட்ஜ்காரர் யோசிக்கவே இல்லை. அழகு பணத்தினால் வருவது என்று நாம் எல்லாரும் நம்பிவிட்டதால், பணம் குறைந்த இடத்தில் யோசனையையும் நிறுத்திக்கொள்கிறோம்.

குறைந்ததை வைத்து யோசிப்பது என்றவுடன் நியூயார்க்குக்குப் போகவேண்டியதில்லை. அந்த ஹோட்டலிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் கோல்கொண்ட் இருக்கிறது. அரவிந்தாசிரமத்தின் விடுதி, ஆசிரமவாசிகள் தங்குவது. ஹோட்டல் அல்ல, அறை வாடகைக்குக் கிடைக்காது. அனுமதி வாங்கி ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பார்த்து, டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டுவதற்காக 1919இல் அங்கே போனவர். அந்த ஹோட்டல் கல்லில் செதுக்கிய அலங்காரக் களஞ்சியம். ரேமண்டுக்கு அது சலித்துவிட்டது. கட்டடம் முடிவதற்குள் ரைட்டை விட்டு விலகினார். அலங்காரத்தில் சலித்த மனுஷன் பாண்டிச்சேரியில் 1930களின் கடைசியில் வந்து கட்டியது கோல்கொண்ட். 1937இல் தொடங்கிய வேலை நாற்பதுகளில்தான் முடிந்தது. அவருடன் ஜார்ஜ் நாகஷிமா, ஃபிரான்டிஷெக் சாம்மர். சாம்மர் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்தவர். நாகஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்து பேர்பெற்றவர். இங்கே இருந்தபோது அவருக்கு அரவிந்தர் வைத்த பெயர் சுந்தரானந்தா.

கோல்கொண்டில் ஜன்னல் கிடையாது. கண்ணாடி கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் தரையிலிருந்து கூரைவரை படுக்கைவசமான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பட்டைகள். கைப்பிடியைத் திருப்பினால் பட்டைகள் சாய்கின்றன. வெளிச்சம் வேண்டிய அளவு, காற்று வேண்டிய அளவு. கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, ஆகவே காலை வெயிலும் மாலை வெயிலும் ஒடுங்கிய பக்கங்களில்தான் அடிக்கின்றன. வடக்கில் நடை, தெற்கில் அறைகள். நடைக்கும் அறைக்கும் நடுவே தேக்குச் சறுக்குக் கதவு. இந்தக் கதவை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மரப்பட்டைகள் முன்னும் பின்னுமாக ஒன்றுவிட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றன. காற்று நுழைந்துபோகும், கண் நுழைய முடியாது. நம் கோடையில் அறைக்குள் தனியாக இருக்க விரும்பும் ஒருவனுக்கு வேண்டியது சரியாக இந்த இரண்டும்தான். செதுக்கல் எதுவும் இல்லாத அந்தக் கதவு எனக்குத் தாமரைக் கதவைவிட அழகாகப் பட்டது. தரை கடப்பைக் கல். அறையில் கட்டில், மேஜை, நாற்காலி, அலமாரி. பித்தளைக் கீலும் கைப்பிடியும் பழைய பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தவை.

ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில், பழைய பித்தளைக்கு இரண்டு கதி. ஒன்றில் உருளி உருளியாகவே இருந்து பூ மிதக்கவிட்டு நிற்கிறது. இன்னொன்றில் உருகிக் கதவின் கீலாகிவிட்டது, பாத்திரத்தின் உருவமே போய்விட்டது, ஆனால் இன்றைக்கும் திறந்து மூடுகிறது. மரபைப் பற்றி நம் பத்திரிகைகளில் எவ்வளவோ விவாதம் நடந்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டு பித்தளையைத் தாண்டி அதில் புதிதாக எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. நம் வட்டார எழுத்தில் பாதி உருளி எழுத்து. உலக்கை, உறி, குந்தாணி, அஞ்சறைப்பெட்டி என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மூலையில் பொருள் வைத்து, சாய்வாக வெளிச்சம் அடித்து, நகரத்து வாசகன் வாசலில் நின்று வியக்க வழிசெய்வது. அந்த வாக்கியங்களுக்குள் யாரும் உட்கார முடியாது. படிக்க வெளிச்சம் இல்லை. சொற்கள் பழையவையா புதியவையா என்பதல்ல, அவை எதையாவது தாங்குகின்றனவா, திறக்கின்றனவா என்பது கேள்வி. உதாரணம் சொல்லப் போனால் நண்பர்களை இழக்க நேரும். ஏற்கனவே இரண்டு பேர் பேசுவதில்லை.

ஆனால் கோல்கொண்டையே விடையாக நீட்டிவிடவும் எனக்குத் துணிவில்லை. அது ஒரு துறவியின் அறை. குழந்தை அழாத அறை. தனிமையை நாடி வந்தவர்களுக்காகக் கட்டியதில் தனிமை அழகாக இருப்பதில் வியப்பென்ன? நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் அம்மாவும் விழுப்புரத்தில் இருக்கும் இரண்டரை அறைக்கு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? பழையதையும் புதியதையும் ஒருங்கே வைத்து விருந்தாளிக்கென்றே யோசித்தவர் நமக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார், ஜெஃப்ரி பாவா. வக்கீலாக இருந்து முப்பது வயதுக்குமேல் கட்டடக்கலை படித்துத் தேறியவர்; சென்னை கன்னிமரா ஹோட்டலை 1970களில் மாற்றியமைத்தவரும் அவரே. கொழும்பில் தம் சொந்த வீட்டில் செட்டிநாட்டு மரத்தூண்களை நிறுத்தி வைத்திருந்தார். அவருக்கும் பழைய சாமான் ஆசை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் 1994இல் தம்புள்ளைக்குப் பக்கத்தில் அவர் கட்டிய கண்டலம ஹோட்டல், படங்களில் மட்டுமே நான் பார்த்திருப்பது, வேறு திசையில் போகிறது. பாறையை ஒட்டி நீளமாக ஒரு கான்கிரீட் சட்டகம்; அதன்மேல் காடு கொடியும் செடியுமாக இறங்கி மூடிவிட்டிருக்கிறது. உள்ளே இருப்பவன் பார்ப்பது ஹோட்டலை அல்ல, எதிரே உள்ள குளத்தை. அறை தன்னைக் காட்டாமல் வேறொன்றைக் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. விருந்தாளிக்கான அறை கட்டாயம் கண்காட்சியாகத்தான் ஆகவேண்டும் என்ற விதி இல்லை.

ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த அடுத்த வாரம், வங்கி விட்டதும் திண்டிவனத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். தாத்தா வீடு இருந்த இடத்தில் இப்போது இருப்பது அத்தை வீடு. முன்பக்கம் மாமாவின் பைக் நிற்க சிமெண்ட் தளம், அதில் திண்ணை இல்லை. இரும்புக் கதவு, பச்சைப் பெயிண்ட். கதவு மேஜையான விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த துக்கம் அத்தையிடம் வரவில்லை.

"அது இன்னா கதவுப்பா, மழ வந்தா ஊதிக்கும். தோளு குடுத்துத் தள்ளுனாத்தான் சாத்தும். உங்க தாத்தா ஒரு நாளாவது சாத்தியிருப்பாரா? நாந்தான் சாத்துவேன், உங்க பாட்டி சாத்துவாங்க."

"பாக்க நல்லா இருந்துச்சில்ல, அத்தை?"

"வெளியே நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கும். எனக்கு உள் பக்கந்தான் தெரியும். உள் பக்கம் வெறும் பலகை."

இருபது வருஷம் அந்த வீட்டில் வளைய வந்தவன் நான். கதவின் உள் பக்கத்தில் செதுக்கல் கிடையாது என்பது அத்தை சொல்லித்தான் என் மனசில் பட்டது. தெருவைப் பார்த்த பக்கம்தான் ஆசாரி வேலை செய்திருக்கிறார். அப்படியானால் வாசலில் வந்து நிற்கிறவனின் கண்ணுக்காக வைப்பது ஹோட்டல்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல; எங்கள் கொள்ளுத்தாத்தாவே ஆரம்பித்து வைத்துவிட்டார். என் மேலே சொன்ன வாதத்தில் இது ஓர் ஓட்டை. அடைக்கத் தெரியவில்லை, அப்படியே விட்டுவைக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம் எனக்குப் படுவது: கொள்ளுத்தாத்தா காட்டிக்கொண்டது தெருவுக்கு, தினம் அதே தெருவில் போகிறவர்களுக்கு, அவர்கள் நாற்பது வருஷம் பார்த்தார்கள், அவரைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் வைத்திருந்தார்கள். ஹோட்டல் காட்டிக்கொள்வது இரண்டு இரவில் போய்விடுகிறவனுக்கு. அத்தை அங்கே ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். சாப்பாடு சேர்த்தா என்றாள். காலை டிபன் மட்டும் சேர்த்து என்றேன்.

விழுப்புரத்தில் நான் எட்டு மாதம் இருந்த லாட்ஜை இப்போது புதுப்பித்திருக்கிறார்கள். மைத்துனர் கல்யாணத்துக்கு வந்தவர்களைத் தங்கவைக்க அறை பார்க்கப் போனேன். கிரானைட் தரை, பொய்க்கூரை, அதில் ஊதா விளக்கு. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்க வினைல் தாளில் அச்சிட்ட ஒரு புகைப்படம்: செட்டிநாட்டு வீட்டு முற்றம், வரிசையாகத் தூண்கள், நடுவே வெயில். மேனேஜர் பழைய பழக்கத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எப்படி சார் இருக்கு? பாண்டி ஸ்டைல்" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். படம் மங்காமல் பளிச்சென்றிருந்தது. அந்தச் சுவரில் முன்பு ஸ்டேஷன் பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அது எங்கே என்று கேட்டேன். ஏ.சி. போட்டபோது செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகவும், அடைத்த இடம் மேடு பள்ளமாகத் தெரிந்ததால்தான் மேலே படம் ஒட்டவேண்டி வந்தது என்றும் சொன்னார். நான்கு அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.